திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பாதை போடப் போகிறார்களாம், என்ன எழுதித் தரலாம்?

கம்பத்துக்காரன் (பார்ல் பக்கம்)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் தேனி மாவட்டம், கம்பம். பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து ஓடி விளையாடி வளர்ந்தவன். பிழைப்புக்குத் தென்னாப்பிரிக்காவில் வந்து சேர்ந்த இடமும் திராட்சைக் காடாகவே அமைந்துவிட்டது. என்ன, இங்கே பந்தல் கிடையாது. கம்பி இழுத்து வரிசை வரிசையாகச் செடியை நிறுத்தியிருக்கிறார்கள், நடுவில் டிராக்டர் போகும்.

எங்கள் உள்ளாட்சியில் ஒரு வரைவுத் திட்டம் வைத்திருக்கிறார்கள். எந்த உள்ளாட்சி என்று கேட்காதீர்கள். ஒரு தார்ச்சாலையை அகலப்படுத்துவது, ஒரு கிராவல் சாலைக்குத் தார் போடுவது, அப்புறம் ஆறேழு ஒயின் பண்ணைகளை இணைத்து ஒரு பொதுப்பாதை. நடப்பவர், ஓடுபவர், சைக்கிள், குதிரை எல்லாம் அதே பாதையில். வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஒயின் ருசி பார்க்கும் கூடம் ஒன்றில் தொடங்கி, இன்னொரு ருசிக் கூடத்தில் முடிகிறது. மாதக் கடைசிக்குள் பொதுமக்கள் கருத்து எழுதித் தரலாமாம்.

நான் சிவில் படித்தவன், ஆனால் வேலை முழுக்கக் கட்டடத்தில். சாலை பற்றிக் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. வரைபடத்தில் ஏதோ உறுத்துகிறது. என்னவென்று பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கிலி கழன்றவன் (கேப் டவுன்)

என்ன உறுத்தல் அண்ணா, இது கொண்டாட வேண்டிய விஷயம்! வாரக் கடைசியில் உங்கள் பக்கம் சைக்கிள் எடுத்துக்கொண்டு வருகிறவன் நான். பார்லிலிருந்து வூஸ்டர் போக வேண்டும் என்றால் என்1 சாலையில் ஹ்யூகனாட் சுரங்கம் இருக்கிறது. 1988-ல் திறந்தது, கிட்டத்தட்ட 4 கி.மீ. நீளம். சைக்கிளுக்கு அதில் இடம் இல்லை. பழைய டு டாய்ஸ்க்ளூஃப் கணவாய் வழியாகத்தான் ஏற வேண்டும். அதுவும் 1940-களில் இத்தாலியப் போர்க்கைதிகளை வைத்து வெட்டிய சாலை. அதற்கு வடக்கே பெய்ன்ஸ் க்ளூஃப், 1853-ல் திறந்தது, சிறைக்கைதிகள் உழைப்பு. இரண்டிலும் ஏறும்போது மலை கொடுக்கும் சந்தோஷத்தைப் பின்னால் வருகிற பக்கி (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) ஒன்று பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

மேற்கு கேப் மாகாணத்தில் சைக்கிளைத் தாண்டும்போது 1 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று 2013-லேயே விதி வந்துவிட்டது. விதி காகிதத்தில் இருக்கிறது, இடைவெளி சாலையில் இல்லை. அதனால் தனிப்பாதைதான் வழி. எல்கின், க்ராபோ பக்கம் பாருங்கள், ஆப்பிள் தோட்டம், திராட்சைத் தோட்டம், பைன் காடு எல்லாவற்றுக்குள்ளும் ஒற்றையடிப் பாதை வளைந்து போகிறது. கேப் எபிக் என்ற மலைச் சைக்கிள் பந்தயம் 2004-லிருந்து நடக்கிறது, உலகம் முழுக்க ஆள் வருகிறார்கள். பண்ணைக்காரருக்கும் காசு. ஆதரித்து எழுதுங்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதையை மலைச்சரிவில் நேர்க்கோட்டில் இறக்கக் கூடாது. பாதையின் சரிவு, அது போகும் மலைச்சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மழைத் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். மொத்தத்தில் சராசரி 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், நடுநடுவே ஏற்றி இறக்க வேண்டும். இங்கே குளிர்காலத்தில்தான் மழை, ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கொட்டும். தப்பாக வெட்டிய பாதை ஒரே குளிர்காலத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஓடையாகிவிடும், கண்ணால் பார்த்திருக்கிறேன்.

செடிக்காரி (ஸ்டெல்லன்போஷ்)

திராட்சை நோய்கள்தான் என் வேலை. பாதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வரைபடம் போட்டவர்கள் செடியைக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது.

முதலில் மருந்து. செப்டம்பர், அக்டோபரில் துளிர் வந்ததிலிருந்து சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் மாறி மாறி அடிப்பார்கள். ஒவ்வொரு மருந்துக்கும், அடித்த பிறகு எத்தனை மணி நேரம் அந்த வரிசைக்குள் ஆள் நுழையக் கூடாது என்று லேபிளில் போட்டிருக்கும். பாதை வரிசையை ஒட்டிப் போனால், காலை ஏழு மணிக்கு ஓட வருகிற அம்மா அந்தப் புகைக்குள்தான் ஓடுவார். பாதையை மூட ஒரு கதவும், மூடியிருக்கும் நாளில் சுற்றிப் போக வேறு வழியும் வேண்டும். திட்டத்தில் இருக்கிறதா?

அப்புறம் மாவுப்பூச்சி. இலைச்சுருள் வைரஸ் இந்த நாட்டு ஒயின் தோட்டங்களுக்குப் பெரிய தலைவலி. நோய் வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கி எறிய வேண்டியதுதான். மாவுப்பூச்சி அதைச் செடிக்குச் செடி கொண்டு போகும். அந்தப் பூச்சியின் குஞ்சு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சட்டையில், தொப்பியில், டிராக்டரில் ஒட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். சுத்தமான தோட்டத்தில் வேலை முடித்து அப்புறம்தான் நோய்த் தோட்டத்துக்குப் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது என்று பண்ணையாட்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஏழு பண்ணையை ஒரே கயிற்றில் கோத்து ஆளை நடக்கவிட்டால் அந்த ஒழுங்கு என்ன ஆகும்? பாதை வரிசைக்குள் போகாமல் வேலியோரம், காற்றுத்தடுப்பு மரங்களுக்கு வெளியே போகட்டும். குறிப்பாக நாற்றுப் பண்ணை, தாய்ச்செடித் தோட்டம் பக்கம் வரவே கூடாது. வெலிங்டன் பக்கம்தான் நாட்டின் பெரும்பகுதி நாற்று தயாராகிறது, அது உங்களுக்குப் பக்கத்து ஊர்.

கிராவல் சாலைக்குத் தார் போடுவதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறேன். சாலையோர வரிசைகளில் புழுதி படிந்து, அந்த இலைகளில்தான் செஞ்சிலந்திப்பேன் கொழுத்துத் திரியும்.

சங்கிலி கழன்றவன்

அக்கா, நாங்கள் பாதையில் போகிறவர்கள், செடியைக் கட்டிப்பிடிக்கிறவர்கள் இல்லை :)

செடிக்காரி

போன மார்ச் மாதம் வரிசைக்குள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, குலையைக் கையில் பிடித்துச் செல்ஃபி எடுத்த இரண்டு பேரை நான்தான் வெளியே அனுப்பினேன். அவர்களும் இதையேதான் சொன்னார்கள் தம்பி.

ஓய்வுபெற்ற ஓவர்சியர் (வூஸ்டர்)

சாலை வேலையில் முப்பது வருடம் இருந்தவன். தம்பிக்கு உறுத்துவது என்னவாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அதற்கு முன்னால் சொந்தக்காரர் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தவறான ஆளுக்கு எழுதினால் கடிதம் கோப்பில் தூங்கும்.

என்1, என்2 போன்றவை தேசியச் சாலை நிறுவனத்தின் கையில். ஆர்44, ஆர்45 மாதிரி பெரும்பாலானவை மாகாணத்துடையவை. பண்ணைகளுக்கு நடுவே போகும் கிராவல் சாலைகளில் பலவும் மாகாணத்துடையவைதான், 1976-ம் வருட மாகாணச் சாலைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டவை. ஆனால் மண்ணைச் சமன் செய்யும் கிரேடர் வண்டி ஓட்டி அவற்றைப் பராமரிப்பது மாவட்ட நகராட்சி. ஊருக்குள் தெரு உள்ளூர் நகராட்சி. பண்ணைக்குள் இருக்கும் வண்டித்தடம் தனியார். ஆக உங்கள் பொதுப்பாதை ஒரே நாளில் நாலு பேர் நிலத்தைத் தொடும். உள்ளாட்சி வரைபடத்தில் கோடு இழுத்துவிடலாம், சாலையை வெட்டும் இடத்தில் மாகாணத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு பலகைகூட நட முடியாது.

பண்ணை நிலத்தில் போகும் பகுதிக்கு இன்னொரு கேள்வி. நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம் உட்பட' என்று ஒரு வரி வரும், ஞாபகம் இருக்கிறதா? இங்கேயும் அதே மாதிரி பத்திரப் பதிவகத்தில் பதிந்த வழியுரிமை இருந்தால்தான் பாதை நிற்கும். சொந்தக்காரரின் நல்ல மனசை நம்பிப் போட்ட பாதை, பண்ணை கை மாறிய மறுநாள் பூட்டுப் போட்ட கேட் ஆகிவிடும். இந்தப் பக்கம் பண்ணைகள் கை மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. அரசுப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் பத்திரத்தைக் காட்டு என்று கேளுங்கள்.

சரி, உறுத்தல். வரைபடத்தில் பாதை ருசிக் கூடத்தில் தொடங்குகிறது என்றீர்கள். காலையில் அந்தச் சாலையில் நடக்கிறவர்கள் எங்கே தொடங்குகிறார்கள்?

டோங்காட் பேரன் (டர்பன்)

ஐயா கேட்ட கேள்விதான் கேள்வி. என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளித் தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எங்கள் பக்கம் திராட்சை இல்லை, கரும்பு. என் தாத்தா கரும்புக்காட்டில் வேலை செய்தார். கரும்புக்கு நடுவே வண்டித்தடம் இருக்கும், அதில் நடந்துதான் வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் போவார்கள். யாரும் பாதை என்று பெயர் வைக்கவில்லை. இப்போது பாலிட்டோ பக்கம் அதே மாதிரி கரும்புத் தோட்டத்துக்குள் ஹோலா டிரெய்ல்ஸ் என்று சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. நான் போயிருக்கிறேன், பணம் கட்டிவிட்டு ஓட்டலாம், நன்றாகப் பராமரிக்கிறார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே சைக்கிள் ஓட்டும்போது ஒன்று தோன்றியது. பாதையில் நாங்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வட்டமாகச் சுற்றுகிறோம், தோட்டத்து ஆட்கள் வெளியே தார்ச்சாலை ஓரத்தில் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஏனென்றால் எங்கள் பாதை வீட்டுக்குப் போகவில்லை.

உங்கள் பக்கமும் அப்படித்தானே? முன்பு கூலி ஆட்கள் பண்ணைக்குள்ளேயே குடியிருந்தார்கள். இப்போது நிறையப் பேர் ஊர் ஓரத்தில் இருந்து வருகிறார்கள், அதுவும் அறுவடைக் காலத்தில்.

சங்கிலி கழன்றவன்

மன்னிக்கவும், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நல்ல விஷயம் வரும்போதெல்லாம் 'ஏழைக்கு என்ன?' என்று கேட்டு அதை நிறுத்துவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. சுற்றுலா வந்தால் வேலையும் வரும். ஸ்டெல்லன்போஷில் 1971-ல் மூன்று பண்ணைக்காரர்கள் சேர்ந்து, பண்ணை பண்ணையாகப் போய் ருசி பார்க்கும் ஒயின் தடம் ஆரம்பித்தபோதும் சிரித்தார்களாம். ஃபிரான்ஸ்ஹுக்கில் பயன்படாமல் கிடந்த ரயில் பாதையில் 2012-ல் ஒயின் டிராம் விட்டார்கள், இன்று இடம் கிடைப்பதில்லை. பாதை முதலில் வரட்டும், அப்புறம் கிளை போடலாம்.

டோங்காட் பேரன்

நான் நிறுத்தச் சொல்லவில்லை அண்ணா. எந்தப் பக்கத்தில் இருந்து தொடங்குவது என்றுதான் கேட்டேன். நீங்கள் சொன்ன அந்த ரயில் பாதைகூட பார்லிலிருந்து ஃபிரான்ஸ்ஹுக் வரை ஊரை ஊரோடு இணைக்கப் போட்டதுதான். இன்று ருசிக் கூடத்தில் இருந்து ருசிக் கூடத்துக்குப் போகிறது.

சங்கிலி கழன்றவன்

இது குத்தல்.

மட்டுறுத்துநர்

குத்தல் போதும், பாதைக்கு வாருங்கள். கம்பத்துக்காரருக்கு மாதக் கடைசிதான் கெடு.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

ஒருவர் சொன்னது சரி, இன்னொருவர் சொன்னது தவறு என்று நான் பார்க்கவில்லை. ஆனால் பணம் ஒரே பை. அதில் முதல் கை யாருடையது என்பதைக் கருத்து எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் சாலையில் சாகிற ஐந்து பேரில் இரண்டு பேர் நடந்து போனவர்கள். சைக்கிள்காரர் செத்தால் பத்திரிகையில் படம் வரும். நடந்து போனவர் செத்தால் 'அடையாளம் தெரியாத ஆண்' என்று இரண்டு வரி.

மஞ்சள் கோட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே சாலையோரத் தளத்தைப் பிரிக்க மஞ்சள் கோடு போட்டிருக்கும். பின்னால் வேகமாக ஒருவர் வந்தால், முன்னால் போகிறவர் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரத்தில் ஒதுங்கி வழிவிடுவார். தாண்டிப் போகிறவர் விளக்கை இரண்டு முறை சிமிட்டி நன்றி சொல்வார். எல்லோரும் இதைப் பெரிய நாகரிகமாக நினைக்கிறார்கள். விதிப்படி சூரியன் உதித்து மறைவதற்குள், 150 மீட்டருக்கு முன்னால் ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிந்தால்தான் அப்படி ஒதுங்கலாம். அறுவடைக் காலத்தில் பிப்ரவரி மாதம், காலை ஆறு மணி, இன்னும் சூரியன் உதிக்கவில்லை. திராட்சை டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு டிராக்டர் போகிறது. பின்னால் வந்த காருக்கு அது மரியாதையாக ஓரம் ஒதுங்குகிறது. அந்த ஓரத்தில்தான் வேலைக்குப் போகிற பெண் நடந்துகொண்டிருக்கிறாள்.

சாலையை அகலப்படுத்துகிறேன் என்றால் அந்த மஞ்சள் கோட்டுக்கு வெளிப்பக்கம்தான் அகலமாகும். அதை நடைபாதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது டிராக்டர் ஒதுங்கும் இடம். நடப்பவருக்கு வடிகாலுக்கு அந்தப் பக்கம், வேலிக்கு இந்தப் பக்கம், தனியாகத் தடம் வேண்டும். இரண்டு வேலிகளுக்கு நடுவே உள்ள நிலம் சாலையுடையது, பண்ணைக்காரரிடம் போய்க் கேட்க வேண்டியதுகூட இல்லை. டிராக்டருக்கு ஒதுங்கத் தனி இடம் வெட்டிக் கொடுங்கள், செலவு குறைவுதான்.

சிறுபாலங்களை மறக்காதீர்கள். ஓரம் முழுக்கத் தடம் போட்டுவிட்டு, ஓடை வரும் இடத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர் தார் விளிம்பில் வந்து நிற்கும். நடப்பவர் அந்த ஏழெட்டு அடிக்குச் சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். என் அனுபவத்தில் அந்த ஏழெட்டு அடிதான் ஆளைத் தின்னும். பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயை இரண்டு பக்கமும் நீட்டிக் கட்டச் சொல்லி எழுதுங்கள்.

செடிக்காரி அம்மாவுக்கு ஒன்று. தார் போட்டால் புழுதி நிற்கும், சரி. கிராவலில் தகரக்கூரை போல் நெளிநெளியாக இருப்பதால் வண்டி நிதானமாகப் போகிறது. தார் போட்ட அன்றே வேகம் ஏறும். ஊருக்கு வெளியே பலகை இல்லாத சாலையில் பொது வேக வரம்பு மணிக்கு 100 கி.மீ. நூறில் போகிற கார் உலர்ந்த சாலையில் முழுதாக நிற்கக் கிட்டத்தட்ட நூறு மீட்டர் எடுக்கும், அறுபதில் போனால் அதில் பாதிகூட வேண்டாம். தாரோடு சேர்த்து 60 பலகையும், பண்ணை வாசல்களுக்கு முன் வேகத்தடை மேடும் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் இலை பிழைக்கும், ஆள் பிழைக்க மாட்டான்.

செடிக்காரி

ஐயா, கண்ணை மூடிக்கொண்டு என்று எழுதினேன். திறந்துவிட்டேன்.

இன்னொன்று நினைவுக்கு வந்தது. கம்பத்துக்காரரே, பாதை எங்கேயாவது உழாத நிலத்தின் வழியே போகிறதா பாருங்கள். பார்ல், ஸ்வார்ட்லாண்ட் பக்கத்துக் களிமண் நிலத்தில் இருக்கிற ரெனோஸ்டர்ஃபெல்ட் புதர்க்காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கோதுமைக்கும் திராட்சைக்கும் போய்விட்டது. மிச்சம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அப்படிப்பட்ட அழிவின் விளிம்பில் உள்ள இடத்தில் 300 சதுர மீட்டர் செடியை அகற்றினாலே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஒரு மீட்டர் அகலப் பாதை என்றால் 300 மீட்டர் நீளம், கணக்கு முடிந்தது. மூன்று மீட்டர் அகலத்தில் போட்டால் 100 மீட்டர். ஏற்கனவே இருக்கும் வண்டித்தடத்தையும் தீத்தடுப்புக் கோட்டையும் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

கம்பத்துக்காரன்

எல்லோருக்கும் நன்றி. ஓவர்சியர் ஐயா கேட்ட கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. இன்று காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, சாலை பிரியும் இடத்தில் காரை ஓரம் கட்டிவிட்டு ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். நடக்கிறவர் ஒருவர் வந்தால் ஒரு கோடு. ஏழு மணிக்குள் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. பாதிப் பேர் பெண்கள். கையில் கத்தரிக்கோல், தண்ணீர் பாட்டில், ஒரு தூக்குவாளி. அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள், அவர்களுக்குத் தனிப் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. இரண்டு பையன்கள் ஒரே சைக்கிளில், அதற்கு பிரேக் இல்லை, காலைத் தேய்த்து நிறுத்தினார்கள்.

ஆறு வருடமாக இதே சாலையில் எட்டு மணிக்குக் காரில் போகிறேன். எட்டு மணிக்கு இவர்களில் ஒருவரும் இருப்பதில்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை. வரைபடம் போட்டவர்களும் எட்டு மணிக்குப் போகிறவர்களாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து திட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஊர் ஓரத்துக் குடியிருப்பு வரைபடத்தில் இருக்கிறது, சாம்பல் நிறத்தில். பாதை அதற்கு ஒன்றரை கி.மீ. தள்ளித் தொடங்குகிறது. எனக்கு உறுத்தியது அதுதான்.

ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எனக்கு ஆஃப்ரிகான்ஸ் அரைகுறை, அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. பாதை போட்டால் நடப்பீர்களா என்று கேட்டேன். வேலிக்குள்ளேயா, வெளியேயா என்று திருப்பிக் கேட்டார். உள்ளே என்றால் திருட வந்தான் என்பார்கள், வெளியே என்றால் நடப்பேன் என்றார்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள். அதைவிட நல்ல பொறியியல் ஆலோசனை காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஒரு நாள் எண்ணிக்கையைத் தள்ளிவிடுவார்கள். வெவ்வேறு கிழமைகளில் மூன்று நாள் எண்ணுங்கள், சாயங்காலமும் ஒரு தடவை. சம்பள நாளான வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை விடாதீர்கள். கால் மணிக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் நடந்தார் என்பதையும் குறியுங்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரத்தில் நடக்க வேண்டும் என்பது விதி. அப்படி நடக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் நடக்க இடம் இல்லை என்று அர்த்தம், ஆளுக்கு விதி தெரியாது என்று அர்த்தம் இல்லை.

சங்கிலி கழன்றவன்

இரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை, கோபம் இல்லை, யோசனை. சுற்றுலா விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அந்தப் பாதையும் வேண்டும், நான் அதில் ஓட்டத்தான் போகிறேன். ஆனால் ஒன்றரை கி.மீ. என்பது என் பாதைக்கும் வால்தானே. குடியிருப்பில் இருந்து அந்த ஒன்றரை கி.மீ.யை முதல் கட்டமாகப் போடு, ருசிக் கூட வளையத்தை அடுத்த கட்டமாகப் போடு என்று எழுதலாம் என்று தோன்றுகிறது. ஷோவா கலுலா என்று 2001-ல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். சைக்கிள் கொடுத்தால் போதுமா, ஓட்ட இடம் வேண்டாமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் பையன்களின் பிரேக் எனக்கு என்னவோ போல் இருக்கிறது. பழைய பிரேக் கேலிபர் இரண்டு செட் வீட்டில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். எண்ணுவதற்கு இன்னோர் ஆள் வேண்டும் என்றால் வருகிறேன். எந்த இடம்?

கம்பத்துக்காரன்

வாருங்கள் தம்பி. பார்லைத் தாண்டி, பழைய பால் கேன் மேடை இருக்கும் பிரிவு. ஐந்தரைக்கு. டார்ச் எடுத்து வாருங்கள், அந்த நேரத்தில் நோட்டே தெரியாது. மளிகைக் கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன், சைக்கிள் பையன்கள் ஆறே முக்காலுக்கு அந்தப் பக்கம் வருவார்களாம்.